பதினாலாம் கேள்வி

ஜனவரி 12

அண்ணாவுக்கு,

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் என் நம்பரைப் பார்த்துவிட்டு நீயே கட் செய்தாய் என்று அண்ணி சொன்னார்கள். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. எழுத்தாக வந்தால் நீ கடைசி வரி வரைக்கும் படிப்பாய், குற்றம் கண்டுபிடிக்கவாவது. இங்கே நாங்கள் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைக்கிறது.

உன் உடம்பைப் பற்றி அண்ணி சொன்ன அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். செப்டம்பரில் குடலில் இருந்த கட்டியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். வயிற்றின் இடது பக்கத்தில் ஒரு வழி திறந்து பை பொருத்தியிருக்கிறார்கள். அது இனி நிரந்தரம். ஜூன் 30-க்குள் நீ வேலைக்குத் திரும்பாவிட்டால் உடல்நிலையைக் காரணம் காட்டி ஓய்வில் அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள்.

எங்கள் மருத்துவமனையில் இது பற்றி ஓர் ஆய்வு நடத்துகிறோம். நர்ஸ்கள் தரப்பில் நான்தான் பொறுப்பு. உன்னைப் போலப் பையோடு வீட்டுக்குப் போகிறவர்கள் நூற்றிருபது பேர். குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரிக்கிறோம். பாதிப் பேருக்கு வழக்கம்போல் ஒரு துண்டுப் பிரசுரம். மீதிப் பேருக்குப் பையை மாற்றவும் தோலைப் பார்த்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்து, மூன்று மாதம் வாரா வாரம் வீட்டுக்கே போய்ப் பார்ப்போம். அதன் பிறகு யார் எப்படி வாழ்கிறார்கள் என்று முப்பது கேள்விகள் கேட்போம். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஐந்து என்றால் தொல்லையே இல்லை.

படிவத்தை முதலில் வெளியாள் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஊரில் உள்ள தராசுகளையெல்லாம் சோதித்து முத்திரை வைக்கிற ஆய்வாளர் நீ. இதுவும் ஒரு தராசுதான். நிரப்பி அனுப்பு.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


ஜனவரி 27

தங்கைக்கு,

படிவத்தை நிரப்பி இணைத்திருக்கிறேன். உன் அண்ணியும் நானும் நலம். உன் முழங்காலுக்கு என் அனுதாபம்.

இத்தனை வருஷம் கழித்து நான் இருப்பது உனக்கு ஞாபகம் வந்ததற்கு ஒரு கட்டி தேவைப்பட்டிருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கும் இதே பைதான். பதினான்கு மாதம் என் வீட்டில் இருந்தார். நர்ஸ் மகள் வந்தது இரண்டு நாள். இப்போது அறுபது பேர் வீட்டுக்கு வாரா வாரம் போகப் போகிறாய். சந்தோஷம்.

வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். என் நாற்காலியில் இப்போது ஆமாஞ்சாமி உட்கார்ந்திருக்கிறான். மேலதிகாரி மழை என்றால் இவன் குடையை விரிப்பான். இருபத்தெட்டு வருஷத்தில் மூன்று முறை எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறு ஆளுக்குப் போனது. அந்த மூன்று உத்தரவுகளின் தேதியும் எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட இடத்துக்கு ஓடிப்போக எனக்கு அவசரம் இல்லை.

பொழுது போகிறது. ரேடியோவில் செய்திகள் கேட்கிறேன்.

போன் வேண்டாம். சொல்ல இருந்தால் எழுது.

அண்ணன்


பிப்ரவரி 10

அண்ணாவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்து நாளாயிற்று. கோபம் இருக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

படிவம் வந்தது. இருபத்தொன்பது கேள்விக்கு இருபத்தொன்பது ஐந்து. இவ்வளவு ஆரோக்கியமான மனிதனை நான் மருத்துவமனையில் பார்த்ததே இல்லை. பதினாலாம் கேள்வியை மட்டும் விட்டுவிட்டாய். அதைத் தாண்டிப் போய்விட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா என்று தெரியவில்லை.

இத்தனை ஐந்து வாங்கியவர் ஐந்து மாதமாக வாசல் கேட்டைக்கூடத் தாண்டவில்லையாமே. அண்ணியைத் திட்டாதே. நான்தான் துருவிக் கேட்டேன். பை அடிக்கடி கசிகிறது என்றும் சொன்னார்கள். பையை ஒட்டும் தட்டில் ஓட்டை வெட்டுகிறாய் அல்லவா, எத்தனை மில்லிமீட்டர் வெட்டுகிறாய்? ஒட்டுவதற்கு முன் தட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கு. ஒட்டிய பிறகு இரண்டு நிமிஷம் கையால் அழுத்திப் பிடி.

ஆய்வு நன்றாகப் போகிறது. எங்களுடைய முதல் குழு நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. அவர்களிடம் கேள்வி கேட்டு முடித்தோம். நூற்றைம்பதுக்கு, பிரசுரம் மட்டும் வாங்கியவர்கள் சராசரி எண்பத்தெட்டு. நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்கள் நூற்றுப் பத்தொன்பது. பெரிய டாக்டர் எண்களைப் பார்த்துவிட்டு நாற்காலியில் இரண்டு சுற்றுச் சுற்றினார். தையல்காரர் ஒருவர் இருக்கிறார், நான் போகும்போதெல்லாம் வாசலிலேயே சொல்வார்: "நீங்க வர ஆரம்பிச்சதுல இருந்து நான் ராஜா மாதிரி இருக்கேன் சிஸ்டர்."

அப்பாவைப் பற்றி எழுதியதற்கு இப்போது பதில் சொல்லவில்லை.

தங்கை


மார்ச் 2

தங்கைக்கு,

உன் அண்ணியைத் திட்டவில்லை. ஒரு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். அதை அவள் ஓய்வு என்று சொல்லிக்கொண்டாள். உன் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

உன் எண்கள் எனக்குப் பிடிக்கவில்லை. பொறாமை என்று நினைக்காதே. முப்பத்தொன்று வித்தியாசம் என்பது மிக அழகாக இருக்கிறது. என் தொழிலில் மிக அழகான எண்ணைப் பார்த்தால் பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

கடைவீதியில் தராசு பழுதுபார்ப்பவர் ஒருவர் இருந்தார். யாரையும் ஏமாற்றத் தெரியாத மனிதர். அவர் சரிசெய்து அனுப்பிய தராசுகள் எல்லாம் கிலோவுக்கு நாற்பது கிராம் தப்பாக நின்றன. காரணம் ஒன்றுதான். வேலை முடிந்ததும் தன் கடையில் இருந்த எடைக்கற்களை வைத்துத் தானே சோதித்துக்கொள்வார். கற்கள் தேய்ந்து போயிருந்தன. முள் நடுவில் வந்து நின்றதும் அவர் முகம் மலர்ந்துவிடும். மேலே பார்க்க மாட்டார். அதனால்தான் எங்களிடம் ஒரு விதி உண்டு: சரிசெய்தவன் முத்திரை வைக்கக் கூடாது.

உன் ஆய்வில் வீட்டுக்குப் போய்ப் பையை மாற்றச் சொல்லிக்கொடுத்தது யார்? நீயும் உன் நர்ஸ்களும். கடைசியில் முப்பது கேள்வி கேட்டது யார்? நீயும் உன் நர்ஸ்களும். முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வருகிறாள் இந்தப் பெண், இவள் முகத்தைப் பார்த்து எப்படி ஒன்று போடுவது என்று அந்தத் தையல்காரர் நினைத்திருப்பார். ஐந்து போட்டிருப்பார்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஜனவரியில் நான் அனுப்பிய படிவம் பொய். நான் படுத்திருக்க, உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியைப் படித்து மதிப்பெண் குறித்தாள். பையைத் துடைத்துத் துடைத்துக் கை வெளுத்துப் போனவளிடம் "தூக்கம் உண்டா?" என்ற கேள்விக்கு நான் என்ன சொல்வேன்?

ஓட்டை முப்பத்தெட்டு மில்லிமீட்டர். மருத்துவமனையில் அளந்து சொன்னது.

அண்ணன்


ஏப்ரல் 14

அண்ணாவுக்கு,

ஆறு வாரம் பதில் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். உன் கடிதத்தைக் கிழிக்க இரண்டு முறை எடுத்தேன். நீ எப்போதும் போல என் சந்தோஷத்தில் கரண்டி விட்டுக் கிளறுகிறாய் என்று நினைத்தேன். அப்புறம், பொய் என்று நிரூபித்து உன் முகத்தில் எறிய வேண்டும் என்பதற்காகவே செய்து பார்த்தேன்.

நான் போய்ப் பார்த்தவர்களில் பத்துப் பேர். அதே படிவம். தனி அறை, பக்கத்தில் யாரும் இல்லை. பெயர் எழுத வேண்டாம், எண் மட்டும். கவரில் போட்டு ஒட்டி ஒரு பெட்டியில் போடச் சொன்னேன். நூற்றுப் பத்தொன்பது என்று இருந்தவர்கள் தொண்ணூற்றாறு.

எண் போட்டாலும் தையல்காரரின் கவரை அதற்குள் இருந்த எழுத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஓரத்தில் எழுதியிருந்தார்: "மெஷினைத் தொட்டு நாலு மாசம் ஆச்சு. அளவெடுக்கணும்னா ஆள் கிட்ட ஒட்டி நிக்கணுமே."

ராஜா மாதிரி இருக்கிறேன் என்றவர்.

கவர்களை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனேன்.

"அத்தனை பேர்கிட்ட கேட்டதெல்லாம் வீணாம்மா? உங்க அண்ணன் என்ன, டாக்டரா?"

"இல்ல சார். தராசு பாக்கறவர்."

"தராசு பாக்கறவர் சொன்னாருன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக் கவர்களை வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றாகப் படித்தார். டீ ஆறி ஏடு படிந்துவிட்டது. கடைசியில் கேட்டார்: "உங்க அண்ணன் எப்பவுமே இப்படித்தானா?"

"எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து சார்."

கேட்டதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டோம். எல்லோரிடமும் புதிதாகக் கேட்கப் போகிறோம், கவரும் பெட்டியுமாக. நன்றி என்று எழுத இன்னும் மனம் வரவில்லை.

இரண்டு விஷயம். முப்பத்தெட்டு என்பது செப்டம்பர் அளவா? அறுவைச் சிகிச்சை வீக்கம் வற்றினால் வயிற்றில் திறந்த அந்த வாய் சுருங்கும் அண்ணா. பெரிய ஓட்டையும் சின்ன வாயுமாக இருந்தால் கசியாமல் என்ன செய்யும்? மறு சோதனைக்கு வராத தராசைப் பார்த்தால் கடைக்காரனை என்ன பாடு படுத்துவாய் நீ? எடு அளவுகோலை.

இன்னொன்று. பத்துக் கவரிலும் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியது பதினாலாம் கேள்வி. "பையிலிருந்து வரும் சத்தம் உங்களைச் சங்கடப்படுத்துகிறதா?" அடக்க வழியில்லாமல் காற்று பிரியும்போது வருகிற சத்தம். நீ விட்ட கேள்வி. அப்பா அந்தக் கடைசி அறையில் எப்போதும் ரேடியோவைச் சத்தமாக வைத்திருப்பாரே, ஞாபகம் இருக்கிறதா?

தங்கை


ஏப்ரல் 20

தங்கைக்கு,

நலம்.

முப்பத்தொன்று மில்லிமீட்டர். மூன்று நாளாகக் கசிவு இல்லை.

பெட்டியின் துளை கவரின் அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பூட்டின் சாவி உன்னிடம் இருக்கக் கூடாது. கேள்வி நடக்கும் அறையில் உன் ஆட்கள் ஒருவர்கூட இருக்கக் கூடாது. யார் எந்தப் பாதி என்று அறையில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது.

அப்பாவைப் பற்றி என்னிடம் நினைவூட்ட உனக்கு உரிமை கிடையாது. இரண்டு நாள் வந்தவள் நீ.

அண்ணன்


மே 3

அண்ணாவுக்கு,

முப்பத்தொன்று என்று படித்ததும் வார்டில் எல்லோருக்கும் சொன்னேன். உன்னை யாரென்று தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். அண்ணியின் கை ஆறிவருகிறதா?

நான் சொல்லக் கூடாது என்று பதினோரு வருஷம் வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாம் நாள், பையை மாற்றித் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நீ இனிமே வராதம்மா."

"ஏம்ப்பா?"

"வேற வீட்டுக்கு நர்ஸா போவ. இங்க மகளாத்தான வர்ற. மக இதத் தொடைக்கறத என்னால பாத்துக்கிட்டு படுத்திருக்க முடியல."

"அண்ணன் கேட்டா என்னப்பா சொல்றது?"

"வேலைன்னு சொல்லிடு. கோவிச்சுக்குவான். பரவால்ல, அவனுக்குக் கோவம் ஒத்துக்கும்."

நான் கிளம்பி வந்துவிட்டேன். அவர் சொன்னதைக் கேட்டது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. இந்த ஆய்வுக்கு நான் ஏன் கை தூக்கினேன் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். யாரும் கேட்கவில்லை.

இப்போது வேலை விஷயம். ஜூன் 14 காலை பத்து மணிக்கு, மூன்று மாதம் முடித்தவர்கள் பதினெட்டுப் பேரை ஒரே அறையில் கூட்டுகிறோம். சிலருக்குப் படிக்க வராது. யாராவது கேள்வியை உரக்கப் படிக்க வேண்டும், பெட்டியைப் பூட்ட வேண்டும். என் ஆட்கள் கூடாது என்று எழுதியது நீ. மருத்துவமனைச் சம்பளம் வாங்காத, படிவம் தெரிந்த, யாருக்கும் தயவு பார்க்காத ஆள் ஒருவர் வேண்டும். எனக்கு அப்படி ஒரே ஒருவரைத்தான் தெரியும்.

பஸ்ஸில் ஐந்து மணி நேரம்.

தங்கை


மே 20

அன்புள்ள நாத்தனாருக்கு உன் அண்ணி எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன் செய்திருப்பேன், இவர் பக்கத்திலேயே இருக்கிறார்.

உன் கடிதம் வந்ததும் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாலாம் நாள் செருப்பை மாட்டினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கழற்றிவிடுவார். கேட் வரை போனார், திரும்பினார். மறுநாள் தெருமுனை. அதற்கு அடுத்த நாள் முனைக்கடை. "என்ன வாங்கினீங்க?" என்றேன். "ரேடியோவுக்கு பேட்டரி," என்றார். அந்த ரேடியோ கரண்டில் ஓடுவது.

இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறார். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் கழித்துப் பை நிறைந்தது, எப்போது சத்தம் வந்தது. முட்டைக்கு ஒரு பக்கம், வெங்காயத்துக்கு இரண்டு பக்கம். என் சமையலறைத் தராசு அவர் அறையில்தான் இருக்கிறது. "அது எனக்கு வேணும்ங்க" என்றால், "அது பதினஞ்சு கிராம் தப்பா காட்டுது, சரி பண்ணிட்டுத் தர்றேன்," என்கிறார்.

ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். அவர் போன் எடுக்காதது உன் மேல் இருக்கும் கோபத்தால் மட்டும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது பை சத்தம் போட்டால் எதிர்ப்பக்கம் கேட்டுவிடும் என்று யாரிடமும் பேசுவதில்லை. ரேடியோவும் அதற்குத்தான். அடுத்த வீட்டில் செய்தி கேட்க ரேடியோ வாங்கவே வேண்டாம்.

நேற்று என்னிடம் கேட்டார்: "அப்பா கடைசி மாசத்துல என்ன சாப்பிட்டார்னு உனக்கு ஞாபகம் இருக்கா?" கஞ்சி மட்டும்தான் என்றேன். எழுந்து போய்விட்டார்.

அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது. நான் இதை எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணி


மே 29

தங்கைக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே பரவாயில்லை.

அப்பா உன்னை வராதே என்று சொன்னதைப் பதினோரு வருஷம் மறைத்தாய். அதற்காக உன் மேல் எனக்குக் கோபம். அதற்கு முன் வராததற்காகக் கோபம். இப்போது எந்தக் கோபத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பதினாலாம் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். படிவத்தில் இதற்கு இடம் இல்லை.

அப்பாவைப் பதினான்கு மாதம் நான்தான் பார்த்துக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, அந்த அறை வாசலில் நின்று "என்னப்பா, எப்படி இருக்கீங்க?" என்பேன். கேட்பதற்கு முன்னால் மூச்சை இழுத்து வைத்துக்கொள்வேன். "நல்லா இருக்கேன்" என்று அவர் உடனே சொல்லிவிடுவார். என் மூச்சு தீர்வதற்குள் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே போய்ச் செய்தது எல்லாம் உன் அண்ணி.

ஒரு நாள் மேலதிகாரி வீட்டுக்கு வந்திருந்தார். மூன்றாவது பதவி உயர்வு பற்றிப் பேச்சு. உள்ளே ரேடியோ அலறியது. நான் கூடத்திலிருந்தே கத்தினேன்: "அப்பா, சத்தத்தைக் குறைங்க." குறைத்துவிட்டார். இரண்டு நிமிஷத்தில் அந்த அறையிலிருந்து வேறு சத்தம் வந்தது. மேலதிகாரி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நான் உள்ளே போய் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு அவர் ரேடியோவைப் போடவே இல்லை. சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். பசி இல்லை என்றார். நோய் முற்றிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

போன வாரம், சாப்பாட்டையும் சத்தத்தையும் நான் குறித்து வைக்கும் நோட்டைப் புரட்டினேன். எந்த நாளில் சத்தமே வரவில்லை என்று தேடினேன். நான் சாப்பிடாத நாளில்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆறுதல் எழுதாதே.

பஸ்ஸில் வாசலுக்குப் பக்கத்து இருக்கைகளுக்கு என்ன நம்பர்?

அண்ணன்


ஜூன் 3

அண்ணாவுக்கு,

படித்தேன். ஆறுதல் எழுதவில்லை.

அப்பாவின் கேஸ் ஷீட் நகல் என்னிடம் இருக்கிறது. கடைசி மூன்று மாதத்தில் நோய் கல்லீரலுக்குப் போயிருந்தது. பசி போவதற்கு அது ஒன்றே போதும். ஆனால் நீ எழுதியது காரணமே இல்லை என்று நான் முத்திரை வைக்க மாட்டேன். நானும் அதே வீட்டு ஆள். சரிபார்க்க எனக்கும் தகுதி இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் ரேடியோவை நிறுத்தியபோது யாரும் அவரிடம் கேள்வி கேட்கவில்லை. ஜூன் 14 அன்று பதினெட்டுப் பேரிடம் கேட்கப் போகிறோம்.

மூன்றும் நாலும் வாசலுக்கு எதிரே. காலை நாலரை வண்டியில் வழியில் இரண்டு இடத்தில் பத்துப் பத்து நிமிஷம் நிற்கும், இரண்டு இடத்திலும் கழிப்பறை இருக்கிறது. நானே அந்த வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் இடத்தில் தாழ்ப்பாள் கிடையாது, இரண்டாவது பரவாயில்லை. மாற்றுப் பை, தட்டு, தண்ணீர், ஒரு சட்டை கைப்பையில் வைத்துக்கொள். தட்டில் ஓட்டையை வீட்டிலேயே வெட்டிக் கொண்டு வா.

அண்ணியிடம் கேட்டு இரண்டு டிக்கெட் போடு என்று சொல்ல நினைத்தேன். வேண்டாம், உன் விருப்பம்.

தங்கை


ஜூலை 2

வாலுக்கு,

சின்ன வயதில் உன்னை அப்படித்தான் கூப்பிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று ஞாபகம் இல்லை. நீயும் உன் முழங்காலும் சௌக்கியம்தானே? அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நொண்டிக்கொண்டே ஓடி வந்தாயே, அதைப் பார்த்துவிட்டு இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் நேற்று வந்தது. முப்பத்தொன்று என்று இருந்த வித்தியாசம் பன்னிரண்டாகச் சுருங்கிவிட்டது, பெரிய டாக்டர் இந்த முறை நாற்காலியில் சுற்றவில்லை என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு போதும். வீட்டுக்குப் போய்ப் பார்த்ததால் பன்னிரண்டு கிடைக்கிறது என்றால் அது நிஜமான பன்னிரண்டு. இனிமேல் யார் வந்து எந்தக் கல்லை வைத்தாலும் அது நிற்கும்.

அறைக்குள் என்ன நடந்தது என்று பஸ் ஏறும்வரை கேட்டாய். நான் சொல்லவில்லை. கவர்களைப் பிரிக்கும் முன் அந்த அறையைப் பற்றி உனக்கு எதுவும் தெரியக் கூடாது. இப்போது சொல்லலாம்.

பதினெட்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி. அது சுற்றும்போது சத்தமே போடவில்லை. பழைய விசிறியாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். உன்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினேன். மேஜையிலிருந்து கதவு நாலடி. எண்ணி வைத்துக்கொண்டேன். உன் தையல்காரர் முன் வரிசையில். அவருக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பின்னால் ஒரு டீச்சரம்மா, முழங்கைகளால் வயிற்றை மறைத்துக்கொண்டு.

ஒன்று முதல் பதின்மூன்று வரை படித்தேன். பதினாலு. "பையிலிருந்து வரும் சத்தம் உங்களைச்" என்று வாய் திறந்தேன், என் பை ஆரம்பித்துவிட்டது. நோட்டுப்படி பதினொன்றரைக்குத்தான் வந்திருக்க வேண்டும். பத்து நாற்பதுக்கு வந்தது. சின்னதும் இல்லை. பின் வரிசை வரைக்கும் கேட்கும்படி, நிதானமாக, முடிகிற மாதிரி நின்று மறுபடி தொடங்கி.

பதினெட்டுப் பேரும் காகிதத்தைப் பார்த்தார்கள். நான் கதவைப் பார்த்தேன். ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன்.

"சார்," என்றார் கண்டக்டர், "கேள்விய நீங்க படிச்சீங்களா, உங்க பை படிச்சுச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. எனக்கும் பை உண்டு என்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் படிச்சோம்," என்றேன்.

தையல்காரர் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய பை சத்தம் போட்டது. "ஐயோ," என்று வயிற்றைப் பிடித்தார். "டபுள் விசில் ஆயிடுச்சு," என்றார் கண்டக்டர், "வண்டிய எடுங்க சார்." டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முழங்கைகளை எடுத்திருந்தார். நீ கதவைத் தட்டி "என்ன சத்தம்?" என்று கேட்டாயே, அது இதுதான்.

கேள்வியை முதலிலிருந்து முழுதாகப் படித்தேன். நடந்ததற்காக யாரும் மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டாம், நேற்று வரைக்கும் எப்படி இருந்ததோ அதைப் போடுங்கள் என்றேன். பிறகு பதினைந்தாம் கேள்வியைப் படித்தேன்.

கலைந்து போகும்போது தையல்காரர் என் சட்டையைப் பார்த்து, "சார், இந்த இடது பக்கம் ஒரு பிளீட் வெச்சா பை தெரியவே தெரியாது. நிக்கறீங்களா, அளவெடுத்துக்கறேன்," என்றார். டேப் கொண்டு வந்திருந்தார். கிட்டத்தில் வந்து நின்று அளவெடுத்தார். இரண்டு பேருடைய பையும் இடிக்காமல் நிற்க ஒரு கோணம் இருக்கிறது. அதையும் கண்டுபிடித்தோம்.

அவர் அனுப்பிய சட்டையைத்தான் இப்போது போட்டிருக்கிறேன். இதை அலுவலகத்திலிருந்து எழுதுகிறேன். ஜூன் 30 காலை ஒன்பதே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டேன். ஆமாஞ்சாமி எழுந்து நின்று, "உங்க நாற்காலிய நான் மாத்தவே இல்ல சார்," என்றான்.

"தெரியுது. பள்ளம் மட்டும் உன்னோடது."

"ஆமா சார்," என்றான். அவன் மேல் என் அபிப்பிராயம் மாறவில்லை. ஆனால் நேற்று மத்தியானம் கோப்புகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது என் பை சத்தம் போட்டது. அவன் நிமிர்ந்தான். "பையில இருந்து வர்ற சத்தம்," என்றேன். "ஆமா சார்," என்று அடுத்த கோப்பை எடுத்தான். இருபத்தெட்டு வருஷத்தில் அவன் ஆமாம் போட்டு எனக்கு நிம்மதி தந்தது அந்த ஒரு முறைதான்.

அப்பா விஷயம் அப்படியே இருக்கிறது. அது குறையும் என்று தோன்றவில்லை. குறைய வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. அவருடைய ரேடியோவை உன் அண்ணி பரண் மேலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். என்னுடையதை நிறுத்திவிட்டேன். அடுத்த வீட்டுக்காரர் நேற்று வந்து, "என்ன சார், செய்தியே இல்ல?" என்று கேட்டார்.

புதிய படிவம் ஒன்று இணைத்திருக்கிறேன். தனியாக உட்கார்ந்து நானே நிரப்பியது. ஜனவரியில் அனுப்பிய பொய்யைக் கிழித்துப் போடு. இருபத்தொன்பது ஐந்து இல்லை. பதினாலில் மூன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில்தான் இருப்பேன். போன் செய். நடுவில் ஏதாவது சத்தம் கேட்டால் லைன் கோளாறு என்று நினைத்து வைத்துவிடாதே. அது நான்தான்.

உன் அண்ணன்